சித்திரை வெயிலில் ஹீட்டர் போட்டவர்

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினாலும், அது தன் பெயர்தானா என்று இன்னொருவரிடம் விசாரித்துவிட்டுத்தான் அவர் ஒப்புக்கொள்வார். குருவிநத்தத்துக்காரர். எங்கள் வீட்டுக் காரை மூன்று வருஷம் ஓட்டினார். நடுவில் ஐந்து நாள் மட்டும் ஓட்டவில்லை. அந்த ஐந்து நாளுக்கும் நான்தான் காரணம். அதைச் சொல்லாமல் அவரைப் பற்றி எழுதினால் நியாயமாக இருக்காது. சொன்னால் என்னைப் பற்றி நல்ல அபிப்பிராயம் இருக்காது. பரவாயில்லை, இப்போதும் அப்படி ஒன்றும் பெரிதாக இல்லை.

அவரிடம் மணி என்ன என்று கேட்டால் உடனே பதில் வராது. கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். சட்டைப்பையிலிருந்து செல்போனை எடுத்துப் பார்ப்பார். தெருவில் பள்ளிக்கூட வேன் போய்விட்டதா என்று எட்டிப் பார்ப்பார். பிறகு, "எட்டு ஆவுதுன்னு சொல்றாங்க" என்பார். யார் சொல்கிறார்கள் என்று கேட்கக் கூடாது. டீக்கடையில் மாஸ்டரிடம் "புதுப் பாலா?" என்று கேட்டுவிட்டு, பக்கத்தில் குடித்துக்கொண்டிருப்பவரிடம் "புதுப் பாலுங்களா?" என்று இன்னொரு முறை கேட்பார். மாஸ்டர் முறைப்பார். இவர் அதற்கெல்லாம் அசையமாட்டார்.

"ஒரு ஆளு சொன்னா அது பேச்சி சார். ரெண்டு பேரு சொன்னாதான் சாட்சி" என்பது அவர் கொள்கை. எனக்கும் சந்தேகப் புத்தி உண்டு என்று அதுவரை நினைத்திருந்தேன். முப்பது வருஷமாக ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்ப்பவன் நான். புத்தகத்தை எடுத்துப் போகும் ஒவ்வொருவனும் திருப்பித் தரமாட்டான் என்று நம்பித்தான் சம்பளம் வாங்குகிறேன். அவர் முன்னால் நான் பால்குடி மறக்காத குழந்தை.

எங்களுக்கு டிரைவர் தேவைப்பட்டது அக்காவால். அக்காவின் இரண்டு சிறுநீரகங்களும் எனக்கு முன்னாலேயே ஓய்வு பெற்றுவிட்டன. அத்தான் காலமான பிறகு தனியாக இருந்தவளை ஒதியம்பட்டில் என் வீட்டுக்கு அழைத்து வந்தேன். என் மனைவிக்கு அப்போது காரைக்காலுக்கு மாற்றல், மாதம் ஒருமுறை வருவாள். ஆகவே வீட்டில் அக்காவும் நானும்தான். திங்களும் வியாழனும் காலையில் பிள்ளையார்குப்பத்து ஆஸ்பத்திரியில் அக்காவுக்கு டயாலிசிஸ். நான்கு மணி நேரம் ரத்தத்தைச் சுத்தம் செய்து, உடம்பில் தேங்கிய தண்ணீரை எடுத்துவிட்டு அனுப்புவார்கள். ஒரு தடவை தவறினாலும் தண்ணீர் நெஞ்சுக்கு ஏறி மூச்சு முட்டும் என்று டாக்டர் முதல் நாளே சொல்லிவிட்டார். வண்டி வழியில் நிற்கக் கூடாது. எங்கள் வீட்டில் அப்போது இருந்த ஒரே சட்டம் அதுதான்.

கார் என்னிடம் இருந்தது. பழைய டீசல் கார், மூன்றாவது கை. லைசென்ஸும் இருந்தது. ஆனால் நான் ரிவர்ஸ் எடுத்ததில் எங்கள் தெரு அடிபம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அன்றிலிருந்து நான் சாவியைக் கையில் எடுத்தாலே அக்கம்பக்கத்தில் கோழிகளைக் கூடையில் கவிழ்க்கிறார்கள் என்று அக்கா சொல்வாள். அது பொய். இரண்டு வீட்டில்தான் கவிழ்த்தார்கள்.

வேலை கேட்டு வந்தவரை நான் சோதிக்கலாம் என்று இருந்தேன். அவர் காரைச் சோதித்தார். பானெட்டைத் தூக்கினார். ரேடியேட்டர் மூடியைத் திறந்து விரலை விட்டுப் பார்த்தார். உள்ளே உட்கார்ந்து வண்டியைக் கிளப்பி, சூட்டைக் காட்டும் முள்ளையே கால் மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். முள் மெல்ல ஏறி நடுவில் வந்து நின்றது.

"நடுவுல நிக்குதே, நல்லதுதானே?" என்றேன்.

"முள்ளு சொல்லுது" என்றார். பிறகு ஒரு குமிழைச் சிவப்புப் பக்கம் திருகி, காற்று வரும் துவாரத்துக்கு முன்னால் உள்ளங்கையைப் பிடித்தார். முகம் சுருங்கியது. "ஈட்டரு வேல செய்யல சார்."

"இங்க ஹீட்டர் எதுக்குங்க? ஊட்டியா இது?"

"சாட்சிக்கு."

எனக்குப் புரியவில்லை. ஹீட்டர் வேலை செய்யாத வண்டியை ஓட்டமாட்டேன் என்று சொல்லிவிட்டார். வேறு டிரைவரும் கிடைக்கவில்லை. சித்திரை மாதத்தில், வெயில் மண்டையைப் பிளக்கும் பதினோரு மணிக்கு, வில்லியனூரில் ஒரு மெக்கானிக் ஷெட்டுக்குப் போய், "காரில் ஹீட்டரைச் சரி பண்ண வேண்டும்" என்று நான் சொன்னேன். மெக்கானிக் என்னை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டேனா என்று பார்த்துவிட்டு, "இப்ப சொல்லுங்க சார், இன்னா பிரச்ன?" என்றார். மறுபடியும் அதையே சொன்னேன். பக்கத்து டயர் கடைக்காரரைக் கூப்பிட்டார். "இன்னொரு தடவ சொல்லுங்க சார், இவரும் கேக்கட்டும்."

விஷயம் இதுதான். எங்கள் பக்கம் ஹீட்டருக்குப் போகும் குழாய் ஒழுகினால் யாரும் சரி செய்வதில்லை. துண்டித்து, இரண்டு முனையையும் ஒன்றாகச் சேர்த்து, தண்ணீரை நேராகத் திருப்பி விட்டுவிடுவார்கள். பாண்டிச்சேரியில் அது ஒரு வழக்கம். என் காருக்கு முந்தைய சொந்தக்காரரோ அதற்கும் முந்தையவரோ அதைச் செய்திருந்தார். அதைப் பிரித்து மறுபடி இணைக்கச் சொன்ன முதல் ஆள் நான்தானாம். மெக்கானிக் தன் செல்போனில் என்னைப் படம் பிடித்துக்கொண்டார்.

அதன் பிறகு எங்கள் பயணம் தொடங்கியது. அபிஷேகப்பாக்கம், தவளக்குப்பம், அங்கிருந்து கடலூர் ரோடு. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அவர் ஹீட்டரைப் போடுவார். அனல் முகத்தில் அடிக்கும். உள்ளங்கையைக் காட்டுவார், தலையாட்டுவார், அணைப்பார். சாட்சி கேட்டாகிவிட்டது. முன் சீட்டில் உட்கார்ந்திருக்கும் நான் அப்பளம் மாதிரி ஆகிவிடுவேன்.

ஒருநாள் வில்லியனூர் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டோம். ஒரு ரயில் போய், இன்னொரு ரயிலும் போகும் வரை திறக்கவில்லை. முன்னால் கரும்பு லோடு, பின்னால் கல்யாண பஸ். முள் நடுவைத் தாண்டி மேலே ஏறத் தொடங்கியது. அவர் நான்கு கண்ணாடிகளையும் இறக்கிவிட்டு ஹீட்டரை முழுசாகத் திறந்துவிட்டார்.

"யோவ், இருக்கிற சூடு பத்தலையா?" என்று கத்தினேன்.

"இன்ஜின் சூட்ட நாம வாங்கிக்கறோம் சார். அது கொஞ்சம் மூச்சு வுடும்."

உண்மையாகவே முள் மெல்ல இறங்கியது. இறங்கியது முள்தான், என் ரத்த அழுத்தம் இல்லை. பின் சீட்டில் அக்கா முந்தானையால் விசிறிக்கொண்டு, "நீ பண்ணுற மொதல் தியாகம்டா இது" என்றாள்.

எதையும் நம்பாத குணம் அவருக்கு எப்படி வந்தது என்று ஒருநாள் கேட்டேன். முன்பு சொந்தமாக ஒரு வேன் வைத்திருந்தாராம். ஒருநாள் ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும்போது என்ஜின் ஜாம் ஆகி, உருகிப் போய்விட்டதாம். "கடைசி வரைக்கும் முள்ளு நடுவுலயே நின்னுச்சி சார். என்னப் பாத்துக்கினே நின்னுச்சி" என்றார். வேன் விஷயம் உண்மையா என்று எனக்குச் சந்தேகம். அவருடைய ஊரில் இரண்டு பேரிடம் விசாரித்தேன். அவருடன் பழகினால் இப்படித்தான் ஆகும். இரண்டு பேரும் உண்மை என்றார்கள்.

டயாலிசிஸுக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் எடை பார்ப்பார்கள். அந்த எடையை வைத்துத்தான் எவ்வளவு தண்ணீர் எடுப்பது என்று முடிவு. இவருக்கு அந்த மிஷின் மேல் சந்தேகம். வழியில் ஒரு அரிசி மண்டியில் வண்டியை நிறுத்தி, மூட்டை போடும் தராசில் அக்காவை ஏற்றினார். பட்டுப்புடவையோடு மூட்டைத் தராசில் நின்ற அக்காவைப் பார்த்து மண்டிக்காரர், "பச்சரிசியா, புழுங்கலா?" என்று கேட்டார். ஆஸ்பத்திரி எடையும் மண்டி எடையும் சரியாகப் பொருந்தின. அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

இவ்வளவும் பார்த்த பிறகு எனக்குள் ஒரு சந்தேகம் முளைத்தது. இந்த ஹீட்டர், என்னை வண்டியிலிருந்து துரத்துவதற்கான உபாயமோ? யோசித்தால் அப்படித்தான் நடந்திருந்தது. முதல் மாதம் நானும் கூடப் போனேன். அப்புறம் அனல் தாங்காமல், அவர்களை அனுப்பிவிட்டு நேராகக் கல்லூரிக்குப் போக ஆரம்பித்தேன். நூலகத்தில் மின்விசிறி உண்டு. மத்தியானச் சாப்பாட்டுக்கு நான் வீட்டுக்கு வரும்போது பார்த்தால், அவர்கள் திரும்பும் நேரம் தள்ளித் தள்ளிப் போயிற்று. முன்பு ஒரு மணிக்கு வந்தவர்கள் ஒன்றே முக்காலுக்கு வந்தார்கள். நான் கிலோமீட்டர் ரீடிங்கைப் பார்த்து வைத்தேன். வழக்கத்தைவிடக் கூடுதலாக ஓடியிருந்தது.

"ஏன் லேட்டு?" என்று அக்காவைக் கேட்டேன்.

"ரோடுன்னா லேட்டாகாதா? நீ இன்னா போலீசா?" என்றாள். கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை.

எதிர்வீட்டில் ஒரு வாத்தியார் இருந்தார். பாகூரில் பள்ளிக்கூடத்தில் வேலை. மிகவும் நல்லவர், மற்றவர்களைப் பற்றிக் கெட்ட செய்தி சொல்லும்போது மட்டும் குரல் இனிக்கும். ஒரு சனிக்கிழமை வந்து கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சார், தப்பா எடுத்துக்கக் கூடாது. உங்க வண்டிய பாகூர் ஏரிக்கரையில பாத்தேன். ஒரு தடவ இல்ல, மூணு தடவ."

"நின்னுதா?"

"நின்னு, இன்ஜின் ஓடிக்கினு இருக்குது. கண்ணாடி பூரா ஏத்தி வுட்டிருக்குது. உள்ள அக்கா கண்ண மூடிக்கினு சாஞ்சி கெடக்கறாங்க. இந்த வெயில்ல! அந்தாளு வெளிய நின்னுக்கினு வண்டியச் சுத்திச் சுத்தி வர்றான். யாரையோ எதிர்பாக்கற மாதிரி."

நான் நிறையப் படித்தவன் என்பதுதான் என் துரதிர்ஷ்டம். படிக்காதவனுக்கு ஒரு சந்தேகம் வரும். எனக்குப் பதினேழு வந்தது. யாரையோ ஏரிக்கரையில் சந்திக்கிறான். அக்காவிடம் ஏதோ கையெழுத்து வாங்குகிறான். மருந்து கொடுத்துத் தூங்கவைக்கிறான். குருவிநத்தத்துக்குப் பக்கத்தில்தான் அக்காவின் நிலம் இருக்கிறது. அவனும் குருவிநத்தம். கணக்குச் சரியாக வருகிறது. அதுவரை மனசுக்குள் "அவர்" என்று இருந்தவர் பத்து நிமிஷத்தில் "அவன்" ஆகியிருந்தார்.

அக்காவைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. துப்பறிகிறவன் சம்பந்தப்பட்டவரை நேரடியாகக் கேட்கக் கூடாது என்று எங்கேயோ படித்திருந்தேன்.

அன்று மாலை வண்டி துடைக்க வந்தவரிடம், "கொஞ்ச நாள் நானே ஓட்டலாம்னு இருக்கேன்" என்றேன்.

துணியைப் பிழிந்து காயப் போட்டுவிட்டுத் திரும்பினார். "யாரு சொன்னது?"

"யாரும் சொல்லல. நானேதான்."

"நீங்க ஒரு ஆளு சார். இன்னொரு ஆளு யாரு?"

என் கண் தானாக எதிர்வீட்டுப் பக்கம் போய் வந்தது. அவர் அதைக் கவனித்தார்.

"வாத்தியாரா? சரி. ரெண்டு பேரு சொல்றீங்க." சாவியை என் கையில் வைத்தார். அவருடைய சட்டப்படி தீர்ப்பு ஆகிவிட்டது. ஒரு வார்த்தை தன் பக்கம் பேசவில்லை. கேட் வரை போய்விட்டுத் திரும்பி, "கீழ் ஓசு உப்பிக்கினு இருக்கு சார். மாத்தணும்னு போன வாரமே சொன்னேன்" என்றார்.

ஓஸ் என்று அவர் சொன்னது ரேடியேட்டரின் அடியில் வரும் ரப்பர் குழாயை. சொன்னது ஞாபகம் இருந்தது. மெக்கானிக்கும் அவரும் சேர்ந்து எனக்குக் குல்லா போடுகிறார்கள் என்று நான் மாற்றாமல் விட்டதும் ஞாபகம் இருந்தது.

திங்கட்கிழமை நானே ஓட்டினேன். கோழிகள் கவிழ்க்கப்பட்டன. அக்கா என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அடிக்கடி பின்பக்கக் கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தபடி வந்தாள். நான் அதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டேன். மத்தியானம் திரும்பும்போது, ஜன்னல்களைத் திறந்துவிட்டு நல்ல காற்றோடு வந்தோம். அக்காவுக்குக் கைகால் உதறியது. பல் கிட்டித்தது. நான் ஓட்டுகிற லட்சணத்தைப் பார்த்துப் பயப்படுகிறாள் என்று நினைத்து வேகத்தைக் குறைத்தேன். நாற்பது நிமிஷப் பயணம் ஒன்றே கால் மணி நேரம் ஆயிற்று. அந்த ஒன்றே கால் மணி நேரமும் அவள் உதறிக்கொண்டே வந்தாள்.

வியாழக்கிழமை காலை அக்காவுக்கு எழுந்ததிலிருந்தே மூச்சு வாங்கியது. முகம் உப்பியிருந்தது. முந்தின நாள் வெயிலுக்குத் தாக்குப் பிடிக்காமல் அளவுக்கு மேல் தண்ணீர் குடித்திருக்கிறாள். சாய்ந்து படுக்க முடியாமல் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தாள். "சீக்கிரம் போடா" என்றாள். அதுதான் ஐந்து நாளில் என்னோடு பேசிய முதல் வார்த்தை.

அபிஷேகப்பாக்கம் தாண்டியதும் வண்டியில் ஏதோ இனிப்பு வாசனை வந்தது. வயலிலிருந்து வருகிறது என்று நினைத்தேன். முள் நடுவில் நின்றது. நான் அதை ஒரு கண்ணால் பார்த்தபடிதான் ஓட்டினேன். காரோடு கொடுத்த கையேட்டை முதல் நாள் இரவு முழுக்கப் படித்திருந்தேன். முள் நடுவில் நின்றால் என்ஜின் நலம் என்று தெளிவாகப் போட்டிருந்தது.

"ஈட்டரு போட்டுப் பாருடா" என்றாள் அக்கா.

"எதுக்கு? முள்ளு நடுவுல நிக்குது."

"போட்டுப் பாரேன்."

"உனக்கே மூச்சு முட்டுது, இதுல அனல் வேறயா? சும்மா இரு." அப்போது முள் நடுவிலிருந்து இறங்க ஆரம்பித்தது. எனக்குச் சந்தோஷம். "பாத்தியா? சூடு கொறையுது. நிதானமா ஓட்டினா வண்டிக்கே தெரியுது."

அக்கா பின் சீட்டிலிருந்து எக்கி, மூச்சிரைக்க, என் தோளைப் பிடித்துக்கொண்டு, அந்தக் குமிழைத் தானே சிவப்புப் பக்கம் திருகினாள். உள்ளங்கையைத் துவாரத்தின் முன்னால் பிடித்தாள். அவர் பிடிப்பதைப் போலவே.

"வெறுங்காத்துதான் வருது. சூடு இல்ல. நிறுத்து."

"சூடு இல்லன்னா நல்லதுதானே?"

"நிறுத்துடா, மடையா!"

நிறுத்தினேன். பயத்தில் அல்ல, அக்கா என்னை மடையா என்று கூப்பிட்டு நாற்பது வருஷம் ஆகியிருந்தது. என்ஜினை அணைத்ததும் பானெட் இடுக்குகளில் ஆவி புறப்பட்டது. இறங்கிப் பார்த்தால், நாங்கள் வந்த வழியெல்லாம் ரோட்டில் ஒரு ஈரக்கோடு. அந்தக் கீழ் ஓஸ் வாயைப் பிளந்திருந்தது. ரேடியேட்டர் தண்ணீரில் கலக்கும் கூலண்டின் இனிப்பு வாசனை அங்கிருந்துதான் வந்தது.

அக்கா கதவைத் திறந்து, காலை வெளியே தொங்கவிட்டு, மூச்சை எண்ணி எண்ணி விட்டுக்கொண்டிருந்தாள். ரோட்டின் இரு பக்கமும் நெல்வயல். பஸ் ஒன்று நிற்காமல் போனது. நான் செல்போனை எடுத்து ஆம்புலன்ஸ் நம்பரை அழுத்தினேன். எடுத்தவர் யாரோ ஒரு பல் டாக்டர்.

அப்போது எங்களுக்குப் பின்னால் ஒரு ஆட்டோ வந்து நின்றது. ஓட்டியது எங்கள் டிரைவரின் மச்சானாம். பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தவர் இறங்கினார்.

"அக்காவ ஏத்துங்க" என்றார் மச்சானிடம். இருவரும் அக்காவைக் கைத்தாங்கலாக ஏற்றினார்கள்.

"நீங்க எப்படி இங்க?" என்றேன்.

"பின்னாடியேதான் வந்தேன்."

"எங்கேருந்து?"

"உங்க வூட்டு வாசல்லேருந்து. திங்கக்கெழமையும் வந்தேன்." கொஞ்சம் நிறுத்தி, "உங்கள நம்பல சார்" என்றார். அதில் கோபம் எதுவும் இல்லை. மாஸ்டரிடம் பாலைப் பற்றிக் கேட்கிற குரல்தான்.

ஆட்டோவுக்குள்ளிருந்து அக்கா திணறித் திணறிச் சொன்னாள்: "நான்தான் கண்ணாடியில பாத்துக்கினே வந்தனே... அந்த தைரியத்துலதான் இவன் வண்டியில ஏறுனேன்."

ஆட்டோ கிளம்பும்போது அவர் தலையை வெளியே நீட்டினார். "மூடியத் தொறக்காதீங்க சார். ஆவி மூஞ்சில அடிக்கும்." இருபது அடி போனதும் ஆட்டோ நின்றது. திரும்பிப் பார்த்து, மறுபடியும் கத்தினார்: "தொறக்கலியே?"

அக்காவுக்கு அன்று இரண்டு மணி நேரம் கூடுதலாக டயாலிசிஸ் செய்தார்கள். இன்னும் அரை மணி தாமதித்திருந்தால் வேறு மாதிரி ஆகியிருக்கும் என்று சிஸ்டர் சொன்னாள். உள்ளே இருந்த டாக்டரிடமும் கேட்டேன். அவரும் அதையே சொன்னார்.

வெளியே மர நிழலில் அவரோடு உட்கார்ந்திருந்தபோது, முள் இறங்கியது எப்படி என்று கேட்டேன். "தண்ணி இருந்தாதான் சார் முள்ளுக்குச் சூடு தெரியும். தண்ணியே ஓடிப்போச்சின்னா அது எத்தத் தொட்டுப் பாக்கும்? சும்மா காத்துல தொங்கும். ஆனா அந்தத் தண்ணிதான் ஈட்டருக்கும் போவுது. முள்ளு நல்லாருக்குன்னு சொல்லும்போது ஈட்டர்ல சூடு வரலன்னா, முள்ளு பொய் சொல்லுதுன்னு அர்த்தம்."

இதைக் கேட்டு நான் தலையாட்டினேன். பிறகு ஏரிக்கரையைப் பற்றிக் கேட்டேன். அவர் மரத்தைப் பார்த்தார். "அக்கா சொல்லக் கூடாதுன்னாங்க."

அக்காவே சொன்னாள், அன்று சாயங்காலம். டயாலிசிஸ் முடிந்ததும் அவளுக்குக் குளிர் எடுக்குமாம். எலும்புக்குள்ளிருந்து வருகிற குளிர். வெளியே வெயில் கொளுத்தும்போது உள்ளே நடுங்குவாளாம். முதல் தடவை அவர் சாட்சிக்காக ஹீட்டரைப் போட்டபோது, "அணைக்காத தம்பி, அப்படியே இருக்கட்டும்" என்றாளாம். ஓடுகிற வண்டியில் காற்று புகுந்து குளிர் போவதில்லை. அதனால் பாகூர் வழியாக வந்து, ஏரிக்கரையில் நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு அவளை அனலில் வைப்பாராம். நடுக்கம் நின்ற பிறகுதான் கிளம்புவார்களாம்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"உங்கிட்ட சொன்னா நீ புஸ்தகத்த எடுத்துப் படிச்சிட்டு, இது இன்னா இன்னா வியாதியா இருக்கும்னு ராவெல்லாம் என்ன பயமுறுத்துவ."

இரண்டாவது ஆளைக் கேட்டாலும் அதையேதான் சொல்வார்.

மறுநாள் அவருடைய வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்பதற்கு ஒரு முன்னுரை தயார் செய்து வைத்திருந்தேன். அவர் அதை முடிக்கவிடவில்லை. வருகிறேன், ஒரு நிபந்தனை என்றார். திரும்பும்போது நானும் வண்டியில் இருக்க வேண்டும், பின் சீட்டில், அக்காவுக்குப் பக்கத்தில்.

"எதுக்கு? என்னப் பத்தித்தான் உங்களுக்குத் தெரியுமே."

"தேவப்படுது சார்" என்றார்.

திங்கட்கிழமை புது ஓஸோடு வண்டி பாகூர் ஏரிக்கரையில் நின்றது. மணி பன்னிரண்டே முக்கால், அவர் இரண்டு இடத்தில் பார்த்துச் சொன்னது. ஏரியில் தண்ணீர் வற்றி, வெடித்த சேறு தெரிந்தது. கண்ணாடிகள் ஏறின. ஹீட்டர் முழு வேகத்தில். அக்கா போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நான் சட்டைப் பொத்தான்களைத் திறந்து போட்டு உருகிக்கொண்டிருந்தேன். அவர் இறங்கி வண்டியைச் சுற்றி வந்தார். குனிந்து அடியில் சொட்டுகிறதா என்று பார்த்தார். பானெட்டில் கை வைத்தார். வாத்தியார் பார்த்தது இந்தச் சுற்றைத்தான். எதிரே அந்த வாத்தியாரின் மோட்டார் சைக்கிள் போயிற்று. வேகத்தைக் குறைத்து, உள்ளே என்னையும் பார்த்துவிட்டு, பலமாகத் தலையாட்டிக்கொண்டு போனார். சாயங்காலத்துக்குள் ஒதியம்பட்டில் என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும்.

கால் மணி கழித்து அவர் என் பக்கக் கதவைத் திறந்தார். "அக்கா, கையி" என்றார். அக்கா போர்வைக்குள்ளிருந்து ஒரு கையை நீட்டினாள். தொட்டுப் பார்த்தார். "சார், உங்க கையி." என் கையையும் தொட்டுப் பார்த்தார். மறுபடி அக்காவின் கை. மறுபடி என் கை.

"ரெண்டும் ஒண்ணா ஆவணும். அப்பதான் கெளம்பலாம். இன்னும் ஆவல" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டு, அடுத்த சுற்றுக்குப் போனார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. மூன்றாவது கை வண்டியில் ஹீட்டரைப் போல, என்னையும் சாட்சி வேலைக்காக மறுபடி இணைத்திருக்கிறார்.

அக்கா கண்ணைத் திறக்காமலே கேட்டாள்: "இன்னாடா சொல்றாரு?"

"இன்னும் ஆகலையாம்."

"கையத் தொடைச்சிக்கடா. வேர்வையில தப்பாக் காட்டிடப் போவுது."

நான் கையை வேட்டியில் நன்றாகத் துடைத்துக்கொண்டு, மறுபடி நீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.